ஆட்டம் எங்கே இருக்கிறது?

(கோத்தகிரியில் மலைப்பாதை சைக்கிள் ஓட்டுபவர்கள் கூடிய ஒரு ஞாயிறு மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேசையில் மூன்று சாமான்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். ஒரு மருந்துக் குப்பி, அதன் அடியில் கொஞ்சம் கறுத்த எண்ணெய். ஒரு சின்ன பேரிங். ஒரு ஜோடி பிரேக் பேட். மூன்றும் ஒரே சைக்கிளிலிருந்து ஒரே நாளில் எடுத்தவை. அந்தச் சைக்கிள் என் பட்டறை வாசலில் வந்து நின்றபோது பார்த்த யாரும் அதில் பழுது இருக்கிறது என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பெயின்ட் பளபளத்தது. செயின் துடைத்திருந்தது. டயரின் பட்டன்கள்கூட அதிகம் தேயவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து அதைக் கொண்டுவந்தது ஒரு தங்கச்சி. கம்ப்யூட்டர் வேலை. ஞாயிறு தவறாமல் விடிகாலையிலேயே மலை ஏறிவிடுகிறவர். வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "எறங்கறப்போ கை மரத்துப்போயிருதுங்கண்ணா. டாக்டர்கிட்டக் காட்டலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி ஹேண்டில்பார மட்டும் கொஞ்சம் மாத்திப் பாக்கலாமுங்களா?" என்றார்.

"வண்டி எடுத்து எத்தன நாளாச்சும்மா?"

"ரெண்டு வருசம் ஆகப்போகுதுங்க."

"ஃபோர்க்கக் கடைசியா எப்பத் தொறந்தீங்க?"

கொஞ்சம் திகைத்துவிட்டு, "அதத் தொறக்கணுமுங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு இங்கே பேச ஒப்புக்கொண்டேன். அவர் அசட்டையானவர் இல்லை. வாராவாரம் வண்டியைத் துடைக்கிறவர். செயினுக்கு நல்ல எண்ணெய் வாங்கிப் போடுகிறவர். ஆனால் ஃபோர்க்குக்குள் எண்ணெய் இருக்கிறது, அது கெட்டுப்போகும், அதை மாற்ற வேண்டும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. வண்டி விற்கும்போது எத்தனை கியர், எத்தனை மில்லிமீட்டர் டிராவல் என்பதெல்லாம் சொல்கிறார்கள். ஐம்பது மணி நேரம் ஓட்டியதும் இதைத் திறக்க வேண்டும் என்று சொல்கிறவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு அந்த ஃபோர்க்கைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். 140 மில்லிமீட்டர் இறங்க வேண்டியது, என் முழுப் பாரத்தையும் போட்டாலும் பாதி வழியில் முரண்டு பிடித்தது. விட்டால் விக்கி விக்கி மேலே வந்தது. காற்றை இறக்கி, அடி போல்ட்டுகளைக் கழற்றி, கீழ்க்கால்களை உருவினேன். இரண்டு காலிலும் சேர்த்து முப்பது மில்லி எண்ணெயாவது வடிந்திருக்க வேண்டும். வந்ததுதான் இந்தக் குப்பியில் இருக்கிறது, ஒரு மூடியளவுகூடத் தேறாது. சீலுக்கு அடியில் இருக்கும் பஞ்சு வளையங்கள் காய்ந்து, செம்மண் ஏறி, பழைய அட்டைபோல விறைத்திருந்தன. மேல் குழாயின் பின்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்புப் பூச்சு உரிந்து வெள்ளை அலுமினியம் தெரிந்தது. பூச்சு போன குழாய்க்கு வைத்தியம் கிடையாது. அந்தத் தொகுதியையே மாற்ற வேண்டியதாயிற்று. அதன் விலை ஃபோர்க் விலையில் பெரும்பங்கு. நேரத்துக்குச் செய்திருந்தால் கொஞ்சம் எண்ணெயும் ஒரு ஜோடி சீலும் போதும்.

நான் சைக்கிள் வேலை கற்றது என் மாமா கடையில், ஹெர்குலஸ், ராலே வண்டிகளில். அந்த வண்டிகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, நோவு வந்தால் சத்தம் போடும். பிபி கப் தளர்ந்தால் பெடல் கடகடக்கும். பின் வீல் கோட்டம் ஆனால் மிதிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் காலுக்குத் தெரியும். குழி விழுந்த ரோட்டின் ஒவ்வொரு கல்லும் இடுப்புக்கு வந்து சேரும். முன்னால் ஃபோர்க்கும் பின்னால் ஷாக்கும் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி அதற்கு நேர்மாறு. அதிர்ச்சியை உங்களிடம் வரவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அதே வேலையால் தன்னுடைய பழுதையும் உங்களுக்குத் தெரியாமல் மூடிவிடுகிறது. ஷாக்கில் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். உங்கள் உடம்பும் கூடவே கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும். ஒரு நாள் கை மரத்துப்போனதும் டாக்டரைத் தேடுகிறோம். இந்த வண்டி தானாக வந்து சொல்லாது, நாம் போய்க் கேட்க வேண்டும். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது என்ற விவரம்.

இந்த விளையாட்டு பிறந்த இடத்திலேயே அந்தக் கேட்கும் பழக்கம் இருந்தது. கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுன்டி என்ற மலைப்பகுதி. 1970-களில் ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி போன்ற இளைஞர்கள் 1930, 40-களில் செய்த கனத்த, தடித்த டயர் சைக்கிள்களைத் தேடி எடுத்து மலைச்சரிவில் இறக்கினார்கள். 1976 அக்டோபரில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ஒரு மண்பாதையில் முதல் போட்டி. சுமார் இரண்டு மைலில் 1,300 அடி இறக்கம். அந்த வண்டிகளுக்குப் பிரேக் பின் வீல் ஹப்புக்குள்தான் இருக்கும், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும். ஒரே ஓட்டத்தில் ஹப் சூடேறி உள்ளே இருந்த கிரீஸ் முழுக்கப் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். கிரீஸை மறுபடி அடைப்பதற்கு இங்கிலீஷில் ரீபேக் என்பார்கள். பாதைக்கே ரீபேக் என்று பேர் விழுந்துவிட்டது. மலைச் சைக்கிள் வரலாற்றின் முதல் பெரிய போட்டிக்குப் பேர் கொடுத்தது ஒரு பராமரிப்பு வேலை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

நம்மூரிலும் அதற்கு ஈடான ஒரு சொல் உண்டு, ஓவராயில். ஓவர்ஹால் என்ற சொல் நம் சைக்கிள் கடைகளுக்கு வந்து எண்ணெயாகவே மாறிவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் ஆயுத பூஜைக்கு முன்னால், வண்டியை முழுக்கப் பிரித்து, பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்ததை மாற்றி, கிரீஸ் வைத்து மாட்டுவோம். அந்தக் காலத்து வண்டிக்கு வருஷத்துக்கு ஒன்று போதும். இந்த வண்டிக்கு வருஷக் கணக்கு ஒத்துவராது, மணிக்கணக்குதான் ஒத்துவரும்.

ராக்‌ஷாக்ஸ் கம்பெனி தன் ஃபோர்க்குகளின் கீழ்க்காலை 50 மணி நேரத்துக்கு ஒரு தடவையும், உள்ளே இருக்கும் டேம்பரை 200 மணி நேரத்துக்கு ஒரு தடவையும் பிரிக்கச் சொல்கிறது. ஃபாக்ஸ் கம்பெனி 125 மணி நேரம் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது என்கிறது. ஞாயிறு தோறும் மூன்று மணி நேரம் மண்பாதையில் ஓட்டுகிறவருக்கு மாதம் பன்னிரண்டு மணி, நாலு மாதத்தில் ஐம்பது. அந்தத் தங்கச்சி இரண்டு வருஷத்தில் சுமார் 280 மணி நேரம் ஓட்டியிருந்தார். பால் கணக்கு எழுதுவதுபோல ஒரு சின்ன நோட்டு போட்டு ஓட்டிய மணியை எழுதிவையுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். மழையில் ஓட்டியிருந்தால் ஒரு மணியை இரண்டாக எழுதச் சொல்வேன். அது என் சொந்தக் கணக்கு. தென்மேற்கும் வடகிழக்கும் நனைக்கிற இந்த மலையில் அது சரியாகவே வருகிறது.

இப்போது ஃபோர்க்குக்கு வருகிறேன். இரண்டு மேல் குழாய்கள் இரண்டு கீழ்க்கால்களுக்குள் ஏறி இறங்குகின்றன. ஒரு குழாயில் காற்று, அதுதான் ஸ்பிரிங். இன்னொன்றில் டேம்பர், துள்ளலை அடக்குவது அது. இவை இரண்டும் தனித்தனியாக மூடப்பட்டவை. நான் சொல்லும் எண்ணெய் இவற்றில் சேராது. கீழ்க்காலின் அடியில், மாடலுக்குத் தக்கபடி காலுக்கு 5 மில்லியிலிருந்து 40 மில்லி வரை சும்மா ஊற்றிவைத்திருப்பது அது. வண்டி ஏறி இறங்கும்போது தெறித்து புஷ்ஷையும் பஞ்சு வளையத்தையும் நனைப்பதுதான் அதன் ஒரே வேலை. இவ்வளவு கொஞ்ச எண்ணெய்தான் இவ்வளவு விலை கொடுத்த ஃபோர்க்கைக் காப்பாற்றுகிறது.

இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம். முதலில் காற்று முழுவதையும் இறக்குங்கள். இதில் மட்டும் அவசரம் கூடாது. அடியிலுள்ள ரீபௌண்ட் திருகியை உருவிவிட்டு, இரண்டு போல்ட்டையும் மூன்று நாலு சுற்று தளர்த்தி, போல்ட் தலையில் ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு. 'டப்' என்று பிடி விடும். அடியில் ஒரு தட்டு வைத்துக் கீழ்க்காலை உருவுங்கள். வடியும் எண்ணெயைக் கட்டாயம் பாருங்கள், முழுக் கதையையும் அது சொல்லிவிடும். கொஞ்சம் மங்கியிருந்தால் நல்லது. பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பளபளவென்று பொடி மின்னினால் உலோகம் தேய்கிறது. பஞ்சு வளையத்தை ஊசி போன்ற எதனாலும் குத்தி எடுக்காமல் விரலால் எடுத்து, கழுவிப் பிழிந்து, புது எண்ணெயில் ஊறவைத்து மாட்டுங்கள். உள்பக்கத்தைப் பஞ்சு ஒட்டாத துணியால் துடைத்து, மாடலுக்குச் சொன்ன அளவு எண்ணெயை ஊசிக்குழலில் அளந்து ஊற்றி, வாஷரை மாற்றி போல்ட்டைப் பூட்டுங்கள். இறுக்கம் ஆறேழு நியூட்டன் மீட்டர்தான், அது இரண்டு விரலின் பலம். முதல் தடவை செய்யும்போது ஒரு மணி நேரம் ஆகும், மூன்றாவது தடவை அரை மணி நேரம். அடுத்த நாள் இறக்கத்தில் உங்கள் கையே வித்தியாசத்தைச் சொல்லும்.

டேம்பரைப் பிரிப்பது வேறு விஷயம். பின் ஷாக்கின் காற்றுப் பாத்திரத்தைக் கழற்றி சீல் மாற்றுவதுவரை பழகியவர்கள் செய்யலாம். அதற்குள் இருக்கும் டேம்பரில் பல மாடல்களில் உயர் அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்திருப்பார்கள். அதை வீட்டில் திறக்கவே கூடாது. காற்றை இறக்கிய பிறகும் ஷாக் நீளாமல் சுருங்கியே நின்றால் உள் அறையில் அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதையும் தொடாதீர்கள். கண் போகும் காரியம் இது.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்த ஊர்க்காரர்களுக்கு அது தனியாகத் தேவை. பெட்ரோல் பங்கில் சொல்வதுபோலவே நானும் பவுண்டு என்கிறேன். நீங்கள் மேட்டுப்பாளையத்தில் மதியம் 35 டிகிரி வெயிலில் ஷாக்கில் 180 பவுண்டு நிரப்புகிறீர்கள். மறுநாள் விடிகாலையில் 10 டிகிரி குளிரில் ஊட்டியில் வண்டி ஏறுகிறீர்கள். ஒரு பொட்டுக் காற்றுகூடக் கசியாமலே, குளிரால் மட்டும் சுமார் 16 பவுண்டு குறைந்திருக்கும். உயரத்தில் வெளிக்காற்று மெலிவதால் அதில் ஒரு மூன்று பவுண்டு திரும்பக் கிடைக்கும். ஆக 13 பவுண்டு குறைவு. வண்டி மந்தமாக உட்காரும், குழியில் அடிமட்டம் தட்டும். 'ஷாக் லீக் ஆகுதுங்க' என்று கொண்டுவருவார்கள். லீக் இல்லை, குளிர். ஓட்டப்போகும் இடத்தில், ஓட்டப்போகும் நேரத்தில் காற்றைப் பாருங்கள்.

பார்க்கும்போது இன்னொன்று. பம்பை மாட்டியதும் ஷாக்கிலிருந்து கொஞ்சம் காற்று பம்பின் குழாயை நிரப்பப் போகும், அதனால் முள் எப்போதும் குறைத்தே காட்டும். அதைப் பார்த்துப் பதறி நேற்று 180 வைத்தது இன்றைக்கு 165 ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கழற்றும்போது 'புஸ்' என்று போவது குழாயில் இருந்த காற்று, ஷாக்கிலிருந்து போவதில்லை. எனவே முள் காட்டும் எண்ணைவிட, நீங்கள் ஏறி உட்காரும்போது வண்டி இறங்கும் அளவை நம்புங்கள். மேல் குழாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். தலைக்கவசம், பை, தண்ணீர் என்று ஓட்டும்போது இருக்கும் எல்லாவற்றோடும் ஏறி, வளையத்தை சீல்வரை தள்ளிவிட்டு, குலுக்காமல் உட்கார்ந்து, மெதுவாக இறங்கி அளந்து பாருங்கள். பின் ஷாக்கின் உள்தண்டு 55 மில்லிமீட்டர் போகக்கூடியது என்றால் பதினாறு, பதினேழு மில்லிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும், அதாவது முப்பது சதவீதம். முன்னால் அதைவிடக் குறைவு, பதினைந்திலிருந்து இருபது சதவீதம். புதிதாக நிரப்பும்போது ஐம்பது பவுண்டுக்கு ஒரு தடவை நிறுத்தி வண்டியை நிதானமாகப் பத்து தடவை அமுக்குங்கள். உள்ளே இரண்டு அறைகளிலும் காற்று சமமானால்தான் அளவு நிலைக்கும்.

இனி மூட்டுகள். ஃபுல் சஸ்பென்ஷன் வண்டியின் உயிர் அங்கேதான். எனக்கு அதிகம் பாடம் கற்றுக்கொடுத்த இடமும் அதுதான்.

இதோ இந்த பேரிங். பார்க்க வீல் பேரிங் மாதிரியே இருக்கிறது. ஆனால் வீல் பேரிங் சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றும்போது கிரீஸ் எல்லா இடத்துக்கும் போகும், பாரமும் எல்லாக் குண்டுகளுக்கும் மாறி மாறி விழும். மூட்டில் இருக்கும் பேரிங் ஒருநாளும் ஒரு முழுச்சுற்று சுற்றாது. வீல் கல்லில் ஏறினால் சில பாகை இப்படி, இறங்கினால் சில பாகை அப்படி, அவ்வளவுதான். அதே இரண்டு மூன்று குண்டுகள் அதே இடத்தில் பாரத்தை வாங்கிக்கொண்டு, நாளடைவில் உள்வளையத்தில் சின்னச் சின்னப் பள்ளங்களைக் குத்திவிடும். ஒதுங்கிய கிரீஸ் திரும்பி வராது. தண்ணீர் புகுந்தால் அங்கேயே தங்கித் துரு பிடிக்கும். அதனால்தான் நல்ல மூட்டு பேரிங்கில் கூண்டு வைக்காமல் முழுக்கக் குண்டுகளாலேயே நிரப்புகிறார்கள். பல வண்டிகளில் இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு முதல் பன்னிரண்டு பேரிங்குகள்கூட இருக்கும்.

ஷாக்கின் இரு முனையிலும் உள்ள புஷ்ஷில் ஒரு கணக்கு இருக்கிறது. ஷாக் 55 மில்லிமீட்டர் அமுங்கும்போது பின் வீல் 140 மில்லிமீட்டர் ஏறுகிறது என்றால், இரண்டரை மடங்கு. புஷ்ஷில் அரை மில்லிமீட்டர் தேய்ந்தால் வீலில் ஒன்றேகால் மில்லிமீட்டர் ஆட்டம். பாரமும் அதே மாதிரி ஷாக்கில் இரண்டரை மடங்காகத்தான் விழும். ஒரு தேய்ந்த புஷ்ஷைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஷாக் கோணலாக இழுபட்டு அதன் சீலும் கெடும், தண்டும் கெடும்.

ஹெர்குலஸ் வண்டியில் வளர்ந்த கை என்னுடையது. ஆட்டம் இருந்தால் இறுக்கு என்பதுதான் அந்தக் கைக்குத் தெரிந்தது. கோன் தளர்ந்தால் கோனை இறுக்கு, கப் தளர்ந்தால் கப்பை இறுக்கு. இந்த மாதிரி வண்டிகள் என் பட்டறைக்கு வர ஆரம்பித்த புதிதில் ஒரு வண்டியின் முக்கிய மூட்டில் ஆட்டம் இருந்தது. நீளமான ஸ்பேனரைப் போட்டு இறுக்கினேன். ஆட்டம் போகவில்லை, இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். போல்ட் திடீரென்று வெண்ணெயில் போவதுபோல லேசாகச் சுற்றியது. அலுமினிய சட்டத்தின் மரை முழுக்கக் கழன்று கையோடு வந்துவிட்டது. வண்டிக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அந்த மரையை மறுபடி வெட்டிப் புது உள்ளீடு போட்டுக் கொடுக்கும்வரை பத்து நாள் எனக்குத் தூக்கம் இல்லை. இந்த மூட்டுகளில் போல்ட் வெறும் அச்சு, ஆட்டம் இருப்பது பேரிங்கில். தேய்ந்த பேரிங்கை எத்தனை இறுக்கினாலும் அது புதிதாகாது. அதற்குப் பிறகு முதலில் டார்க் ரெஞ்ச் வாங்கினேன். மூட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்று பெரும்பாலும் போல்ட் தலையிலோ கையேட்டிலோ போட்டிருப்பார்கள். எங்கே கிரீஸ், எங்கே மரைப் பசை என்பதையும் அதிலேயே பாருங்கள், ஊகிக்காதீர்கள். வண்டி புதிதென்றால் முதல் நாலைந்து ஓட்டத்துக்குப் பிறகு எல்லா மூட்டையும் ஒரு தடவை ரெஞ்சால் சோதித்துவிட வேண்டும்.

பேரிங்கின் உண்மையான நிலை தெரிய ஷாக்கின் ஒரு போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கச் சட்டத்தைக் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஷாக் மாட்டியிருக்கும்வரை அது எல்லாவற்றையும் மூடிவிடும். கழற்றியதும் கைக்கு மணல் அரைபடுவதுபோலத் தெரிந்தால், நடுவில் ஒரு இடத்தில் முட்டுவதுபோலத் தெரிந்தால், மாற்றும் நேரம் வந்துவிட்டது. மாற்றும்போது சுத்தியால் அடித்து இறக்காமல், இருபக்கமும் வாஷர் வைத்துத் திருகி அழுத்தும் கருவியால் இறக்குங்கள்.

பிரேக்கில் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். நம்மூரில் பிரேக் ஆயில் என்று கேட்டால் ஆட்டோமொபைல் கடையில் கொடுப்பது டாட் வகைத் திரவம். ஷிமானோ, மகுரா பிரேக்குகள் மினரல் ஆயிலில் ஓடுபவை. எஸ்ராம் பிரேக்குகள் பெரும்பாலும் டாட், சமீபத்திய சில மாடல்களில் மட்டும் மினரல் ஆயில். ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பி அழியும். பிரேக் முழுவதும் போச்சு. லீவரின் மூடியில் எது என்று எழுதியிருக்கும், படித்துவிட்டு ஊற்றுங்கள். டாட் திரவம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 5.1 புதிதாக இருக்கும்போது குறைந்தது 260 டிகிரியில் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு அதன் வரம்பு 180-க்கு இறங்கிவிடுகிறது. கல்ஹட்டி மாதிரி முப்பத்தாறு கொண்டை ஊசி இறக்கத்தில் அந்த எண்பது டிகிரி உங்கள் உயிர். வருஷம் ஒரு தடவை திரவத்தை மாற்றுங்கள். ஷிமானோ டிஸ்க் புதிதாக 1.8 மில்லிமீட்டர், 1.5-க்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். பேடில் அரை மில்லிமீட்டர் மிஞ்சும்வரை ஓட்டலாம். இந்த மேசையில் இருப்பதைப் பாருங்கள், ஒரு பக்கம் இரும்பே தொட்டுவிட்டது. துரு நீக்கும் ஸ்பிரேயை டிஸ்க் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம். அதன் ஒரு தூறல் பட்டால் பேடைத் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

செயின் உங்களில் பலருக்குத் தெரிந்த விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். பன்னிரண்டு கியர் செயின் அரை சதவீதம் நீண்டால், அதாவது ஒரு அடி நீளத்தில் ஒன்றரை மில்லிமீட்டர், மாற்றிவிடுங்கள். விட்டால் பல மடங்கு விலையுள்ள பல்சக்கரத் தொகுதியையும் தின்றுவிடும். எண்ணெயை முந்தின இரவே ரோலர்களுக்குள் விட்டு, காலையில் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். வெளியே இருக்கும் எண்ணெயில் செம்மண் ஒட்டினால் எஞ்சின் வால்வு தீட்டும் பேஸ்ட்டும் அதுவும் ஒன்றுதான். டியூப்லெஸ் டயரில் பஞ்சரை அடைக்க ஊற்றும் பால் நம் வெயிலில் மூன்று மாதத்துக்கு மேல் திரவமாக இருக்காது. வீலைக் காதோரம் வைத்துக் குலுக்குங்கள், தளும்பல் கேட்கவில்லை என்றால் ஊற்றுங்கள்.

கடைசியாகக் கழுவுவது. டூ வீலர் வாட்டர் சர்வீஸுக்கு இந்த வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். அன்போடுதான் கொண்டுபோகிறீர்கள், எனக்குத் தெரியும். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் தண்ணீர் சீலைத் தாண்டிப் பேரிங்குக்குள் போகும், திரும்பி வராது. அந்தத் தங்கச்சி வாராவாரம் செய்தது அதைத்தான். ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெத்தென்ற பிரஷ் போதும். கழுவி முடித்ததும் ஃபோர்க்கின் மேல் குழாயையும் ஷாக்கின் தண்டையும் சுத்தமான உலர்ந்த துணியால் தனியாகத் துடையுங்கள். இரவில் வண்டியைத் தலைகீழாக நிறுத்திவைத்தால் அடியில் இருக்கும் எண்ணெய் பஞ்சு வளையத்துக்கு இறங்கி அதை நனைத்துவைக்கும். தலைகீழாக நின்றதில் பிரேக் குழாய்க்குள் காற்று போயிருந்தால் லீவர் மெத்தென்று போகும், அதனால் காலையில் நிமிர்த்தியதும் இரண்டு லீவரையும் நாலு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

அந்தத் தங்கச்சி இப்போது ஃபோர்க்கைத் தானே பிரிக்கிறார். போன மாதம் ஒரு குப்பியில் வடித்த எண்ணெயைக் கொண்டுவந்து, "இது நல்லா இருக்குதுங்களாண்ணா?" என்று வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். கை மரப்பதில்லையாம்.

வெளியே மரத்தடியில் உங்கள் வண்டிகள் பதினைந்து இருபது நிற்கின்றன, வரும்போது பார்த்தேன். வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுவோம். ஆளுக்கு ஒரு வண்டி, சொந்த வண்டியை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவருடையதை எடுங்கள். ஒரு கையால் சீட்டின் பின்நுனியைப் பிடியுங்கள். மற்றக் கையின் சுண்டுவிரல் நகத்தை ஷாக்கும் சட்டமும் சேரும் கோட்டின் மேல் வையுங்கள், பாதி அங்கே, பாதி இங்கே. இப்போது பின் வீல் தரையை விட்டு எழும்பும்வரை சீட்டை மெதுவாக, மிக மெதுவாகத் தூக்குங்கள். வீல் எழும்புவதற்கு முன்னால் நகத்துக்கு அடியில் ஏதாவது நகர்ந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நான் அங்கேதான் இருப்பேன்.